தொட்டிலுக்குள் எட்டிப் பார்க்காத கேமரா

மதியம் 2.47க்குக் கேமரா நின்றுபோனது. நான் மாடியிலிருந்து கீழே வந்து சேர்ந்தபோது மணி 2.58. நடுவில் போன பதினொரு நிமிடத்தில் பாப்பா எத்தனை நிமிடம் அழுதாள் என்பது இன்றுவரை தெரியாது.

தொட்டிலில் முகம் சிவந்து, முடியெல்லாம் நெற்றியில் ஒட்டிக் கிடந்தாள். அழுது அழுது குரல் கம்மி, விக்கல் மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மேலே ஃபேன் ஓடவில்லை. கரண்ட் போயிருந்தது. அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தார். மாமா வாசலில் வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தொட்டிலுக்கும் அவருக்கும் நடுவே ஒரு சுவரும் இருபதடியும்தான்.

பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நான் வெளியே வந்ததும் நிமிர்ந்து பார்த்து, "ஏன் அம்மிணி, பாப்பா எந்திரிச்சிருச்சா?" என்றார்.

எனக்கு வந்த கோபம் அவர்மீது இல்லை. மாமா கோயமுத்தூரில் ஒரு நூற்பாலையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் ஓடுகிற கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமென்றால் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும் என்பார். அப்படிப்பட்ட இரைச்சல் முதலில் தின்பது மேல் சுருதியை. 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் ஓட்டை விழ ஆரம்பிக்கும். குழந்தையின் அழுகைக்கு அடிச்சுருதி என்னவோ 400, 500 ஹெர்ட்ஸ்தான். ஆனால் நம்மைப் பதறியடித்து ஓட வைக்கிற அந்தக் கூர்மை அதற்கு வெகு மேலே, ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் இருக்கிறது. மாமாவிடம் இல்லாதது அந்த மேல்பாதி. நடுவில் ஒரு சுவரும் வந்துவிட்டால் மிச்சமும் போச்சு.

கோபமெல்லாம் என்மேல்தான். ஒரு கேமராவை மாட்டிவிட்டு, வீட்டில் யாராவது ஒருவர் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நம்பியிருந்தேனே.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரம் ஆகிவிட்டது அல்லவா, அதில் இரண்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே செலவழித்துவிட்டேன். வேலைக்குத் திரும்பியபோது பாப்பாவுக்கு ஐந்தரை மாதம். மென்பொருள் சோதிக்கிற வேலை, வீட்டிலிருந்தே. மாடியில் நானும் கணினியும், கீழே அத்தை, மாமா, பாப்பா. பகலில் அவள் தூங்குவது கீழே ஹாலை ஒட்டிய அறையில், உத்தரத்துக் கொக்கியில் கட்டிய சேலைத் தொட்டிலில்.

குழந்தைக்கு மானிட்டர் வாங்குவதைப் பற்றி எங்கே படித்தாலும் இரவைப் பற்றியே பேசுகிறார்கள். குழந்தைக்குத் தனி அறை, தாய் தகப்பனுக்குத் தனி அறை, நடுவில் கதவு என்று வாழ்கிற வீடுகளுக்குச் செய்த பொருள் அது. நம் வீடுகளில் இரவில் குழந்தை ஒரு கை எட்டுகிற தூரத்தில் படுத்திருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமே 2022இல் வெளியிட்ட பரிந்துரையில் குறைந்தது ஆறு மாதமாவது பெற்றோர் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில், குழந்தையைப் படுக்க வைக்கச் சொல்கிறது. நாம் பாட்டி காலத்திலிருந்து பாதியைச் சரியாகச் செய்துவருகிறோம்; தனிப் படுக்கை என்கிற மீதிப் பாதிக்குத்தான் நான் வீட்டில் சண்டை போட வேண்டியிருந்தது. இரவுக்கு எங்களுக்கு மானிட்டரே வேண்டாம். எங்கள் ஓட்டை பகலில் இருந்தது.

இந்தச் சின்ன விஷயம் புரிய எனக்கு ஐந்து மாதம் ஆனது. அதற்குள் என்னென்னவோ வாங்கப் பார்த்தேன்.

முதல் மாதத்தில் நான் ஆசைப்பட்டது காலில் மாட்டுகிற சாக்ஸ் மாதிரியான கருவி. நாடித்துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் போனுக்கு அனுப்பும். பிறந்த குழந்தை தூங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை புரியும். வேகவேகமாக மூச்சு விடும், சட்டென்று நிறுத்தும். ஐந்து நொடி, ஆறு நொடி. நம் நெஞ்சு நின்றுவிடும். அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஆரம்பிக்கும். விடிகாலை மூன்று மணிக்கு மூக்குக்குக் கீழே விரல் வைத்து எத்தனை நாள் பார்த்திருப்பேன்! எங்கள் குழந்தை மருத்துவர் சிரித்துவிட்டு, பத்து நொடிக்குள் நின்று தானே தொடர்ந்தால் அந்த வயதில் அது வழக்கம்தான் என்றார். இருபது நொடி தாண்டினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, குழந்தை துவண்டாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடிவரச் சொன்னார். சாக்ஸ் வேண்டாம் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அந்த வகையில் பேர்பெற்ற ஆவ்லெட் நிறுவனத்துக்கு 2021 அக்டோபரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறது: மருத்துவக் கருவியாக அனுமதி வாங்காமல் விற்கிறீர்கள் என்று. அடுத்த மாதமே அந்த மாடலின் விற்பனையை அங்கே நிறுத்திவிட்டார்கள். பிறகு 2023 நவம்பரில் புதிய மாடலுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அனுமதி வாங்கியதோ வாங்காததோ, தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்தைத் தடுக்கும் வழியென்று இவற்றை நம்ப வேண்டாம் என்பதுதான் மருத்துவர் கழகத்தின் பேச்சு. மல்லாக்கப் படுக்க வைப்பது, கெட்டியான சமமான படுக்கை, பக்கத்தில் தலையணை கம்பளி இல்லாமல் இருப்பது, இதற்கெல்லாம் காசே ஆகாது. மல்லாக்கப் படுக்கச் சொன்னதைக் கேட்டதும் "தலை சப்பையாப் போயிரும் கண்ணு" என்று அத்தை ஒரு வாரம் புலம்பினார். விழித்திருக்கிறபோது குப்புறப் போட்டு விளையாட வைத்ததில் அந்தப் பஞ்சாயத்து தீர்ந்தது.

தொட்டில் விஷயத்தில் என்னால் முழுசாக ஜெயிக்க முடியவில்லை. வளைந்த துணிக்குள் குழந்தையின் தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சுப்பாதை ஒடுங்கும் என்பது அறிந்ததுதான். கடைசியில் ஒரு சமரசம்: இரவில் தொட்டில் கிடையாது, பகலில், துணி அகன்று நிற்க நடுவில் கட்டை கொடுத்து, கூடவே ஒரு ஆள் இருந்தால் மட்டும். "கூடவே ஒரு ஆள்" என்பதை நான் சொன்ன அர்த்தம் ஒன்று, வீடு புரிந்துகொண்டது வேறு. அதை அந்த 2.47 காட்டிக்கொடுத்தது.

சரி, கேமராவுக்கு வருகிறேன். வேலைக்குத் திரும்புகிற வாரம் இவர் ஒரு வைஃபை கேமரா வாங்கி வந்தார். இரண்டாயிரத்து ஐநூறு ரூபாய் சுமாருக்கு அது ஒன்றும் மோசமான பொருள் இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்க்கும், இருட்டிலும் தெரியும், போனிலிருந்து பேசலாம். எனக்கு முதல் கவலை பாஸ்வேர்டு. 2012இல் அமெரிக்காவில் டிரெண்ட்நெட் என்கிற நிறுவனத்தின் கேமராக்களில் இருந்த ஓட்டை வழியாகக் கிட்டத்தட்ட 700 வீடுகளின் நேரலை இணையத்தில் வெளியானது. தொட்டிலில் தூங்குகிற குழந்தைகளும் அதில் இருந்தார்கள். மறுவருடம் அரசு வழக்காகி முடிந்தது அது. 2016இல் மிராய் என்கிற நச்சுநிரல் செய்தது இன்னும் எளிது. ஆலையில் வைத்து அனுப்பிய பாஸ்வேர்டை யாரும் மாற்றுவதில்லை என்பதை நம்பி, அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துவிட்டது. என் தொழிலே ஓட்டை தேடுவது. அதனால் பெட்டியைப் பிரித்ததும் பாஸ்வேர்டை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டு, அதற்கென்று தனி வைஃபை பெயரும் வைத்துக் கொடுத்தேன். ரொம்பப் பெருமையாக இருந்தது.

அப்புறம் போனில் பார்த்தேன். திரை முழுக்கச் சேலை.

அத்தையின் பழைய நூல் சேலை, மாம்பழ மஞ்சளில் சிவப்புக் கட்டம் போட்டது. உள்ளே குழந்தை இருக்கிறதா, முருங்கைக்காய் இருக்கிறதா என்றுகூடச் சொல்ல முடியாது. மேலிருந்து பார்த்தால் தெரியுமென்று பரண் விளிம்பில் வைத்தோம். துணியின் இரண்டு ஓரமும் மேலே சேர்ந்துகொண்டு வழி விடவில்லை. அசைந்தால் அறிவிப்பு வரும் என்று ஒரு வசதி இருந்தது. அத்தை ஆட்டும்போதெல்லாம் "அசைவு கண்டறியப்பட்டது" என்று நூறு தடவை போன் துடிக்கும். குழந்தை தூங்கித் தொட்டில் நின்றதும் மௌனம். வேலையைத் தலைகீழாகச் செய்தது என்று சொல்ல வேண்டும். கம்பி போட்ட கட்டிலுக்காக யோசித்த பொருளுக்குச் சேலைத் தொட்டிலைக் கொடுத்தால் அது என்ன செய்யும், பாவம்.

ஆகக் கேமராவிலிருந்து எனக்கு உருப்படியாகக் கிடைத்தது ஒலி மட்டும். அதுவும் இரண்டு மூன்று நொடி தாமதமாக. பாப்பா அழுதால் மாடிப்படி வழியாக முதலில் ஒரு அழுகை வரும், அது முடிகிற சமயம் போனில் அதே அழுகை இன்னொரு தடவை. அலுவலகக் கூட்டத்துக்குக் காதில் ஹெட்போன் போட்டிருந்தால் முதலாவது கேட்காது. கரண்ட் போனால் இரண்டாவதும் கிடையாது. எங்கள் இன்வெர்ட்டர் மாடிக்கு மட்டும் இழுத்தது. ரவுட்டர் எரியும், என் கணினி ஓடும். கீழே ஃபேனும் கேமராவும் ஒரே நொடியில் போகும். ஃபேன் நின்றால் ஐந்து நிமிடத்தில் குழந்தைக்கு வேர்த்து விழிப்பு வரும். எந்த நேரத்தில் அவள் அழுவது நிச்சயமோ, சரியாக அந்த நேரத்தில் கேமராவுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. கருவி சோதிப்பதில் எட்டு வருட அனுபவம் வேறு!

அன்று ராத்திரி இவரிடம், "படம் வேண்டாம், இணையம் வேண்டாம். வெறும் சத்தம் போதும். இரண்டு பக்கமும் பேட்டரியில் ஓடணும்" என்றேன். இரண்டு பக்கமும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நிறைய செட்டுகளில் பெற்றோர் கையில் வைத்துக்கொள்கிற பெட்டிக்குத்தான் பேட்டரி இருக்கும். குழந்தை பக்கம் இருக்கிற பெட்டி பிளக்கில் மட்டும் ஓடும். விளம்பரத்தில் "ரீசார்ஜபிள்" என்று பெரிதாகப் போட்டுவிட்டு எதற்கு என்பதைச் சொல்லவே மாட்டார்கள்.

வெறும் சத்தம் என்பது பழைய யோசனைதான். 1932 மார்ச் 1ஆம் தேதி இரவு விமானி சார்லஸ் லிண்ட்பெர்க்கின் இருபது மாதக் குழந்தையை மாடி அறையிலிருந்து கடத்திப் போனார்கள். அப்போது பெற்றோர் அதே வீட்டில்தான் இருந்தார்கள். அந்தப் பயம் அமெரிக்காவில் அடங்கவே இல்லை. 1937இல் ஜெனித் ரேடியோ நிறுவனம் "ரேடியோ நர்ஸ்" என்று ஒன்றைக் கொண்டுவந்தது. சிற்பி இசாமு நொகுச்சி பேக்கலைட் என்கிற பழைய வகை பிளாஸ்டிக்கில் வடிவமைத்தார். ஜப்பானிய வாள்பயிற்சி முகமூடி மாதிரி இருக்கும் அது. குழந்தை அருகே வைக்கிற பெட்டிக்குக் "காவல் காது" என்று பெயர். ஒலி போனது வீட்டு மின்கம்பி வழியாகவே. எங்கள் வீட்டில் இருந்திருந்தால் அதுவும் 2.47க்கு நின்றிருக்கும்.

ஆர்.எஸ். புரத்தில் குழந்தைப் பொருள் விற்கிற கடைகளில் ஏறி இறங்கினேன். "கேமரா இருக்குங்க மேடம்" என்பதற்கு மேல் யாரிடமும் பதில் இல்லை. அமெரிக்காவில் இருக்கிற என் சித்தி மகள், தான் பயன்படுத்திய செட்டை அனுப்பி வைப்பதாகச் சொன்னாள். நல்ல வேளை, முன்பே கேட்டு வைத்தேன். அங்கே விற்கும் டெக்ட் வகை, அதாவது கம்பியில்லா வீட்டுத் தொலைபேசி பேசுகிற அதே முறை, 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. இங்கே அந்த இடம் செல்போன் நிறுவனங்களுக்குக் கொடுத்தது. வெளிநாட்டு மானிட்டரைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருகிறவர்கள் அடாப்டரில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். அலைவரிசையையும் பார்க்க வேண்டும். கடைசியில் இணையத்தில் மூவாயிரத்துச் சொச்சத்துக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிற, அலைவரிசை தாவுகிற வகையை வாங்கினோம். வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் நெரிசலிடுகிற அதே சந்துதான். ஆனால் இது ஒரு இடத்தில் நிற்காமல் தாவித் தாவிப் போவதால் சமாளித்துக்கொள்கிறது. இந்தத் தாவலுக்கு 1942லேயே ஒரு காப்புரிமை உண்டு. ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும் டார்பிடோவுக்காக வாங்கியது. அது இருக்கட்டும்.

பெட்டி வந்த அன்று சோதித்தேன். பாப்பா விளையாடிக்கொண்டிருந்தாள், அவள் அழுததை முன்பே போனில் பதிந்து வைத்திருந்தேன். காலித் தொட்டிலில் போனை வைத்து ஓட விட்டுவிட்டு, மறு பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். பாதிப் படியிலேயே பெட்டி அழ ஆரம்பித்தது. அடுத்த நொடி சமையலறையிலிருந்து அத்தை கரண்டியோடு ஓடி வந்தார். எனக்கு அதைவிடக் கேவலம்: பால் சுரந்து நைட்டி நனைந்துவிட்டது. பதிவு என்று எனக்குத் தெரியும், நானே பதிந்தது, என் இடுப்பிலேயே குழந்தை சிரித்துக்கொண்டிருக்கிறது. உடம்புக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

பெட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் இழுபறி. கிட்டே வைத்தால் நன்றாகக் கேட்கும். ஆனால் வயர் தொட்டிலிலிருந்து மூன்றடியாவது தள்ளி இருக்க வேண்டும். 2011இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் 17 லட்சம் மானிட்டர்களைத் திரும்ப அழைத்தது, வயர் கழுத்தில் சுற்றி இரண்டு குழந்தைகள் இறந்த பிறகு. ஜன்னல் திட்டில் வைத்தோம். அங்கே வைத்ததும் ஃபேன் சத்தம் புகுந்துகொண்டது. சத்தம் வந்தால் மட்டும் விழித்துக்கொள்ளும் முறை ஒன்று இதில் உண்டு. அதை நுணுக்கமாக வைத்தால் ஃபேனையே அழுகை என்று நினைத்து ஓயாமல் இரைகிறது. மட்டமாக வைத்தால் பாப்பா முனகுவது தப்பிவிடுகிறது, வீறிட்டால்தான் வாய் திறக்கிறது. குளிர் நாட்டில் யோசித்த முறை அது. ஏப்ரல் மாதக் கோயமுத்தூரில் ஃபேன் இல்லாத அறை ஏது?

அத்தை இதையெல்லாம் பார்த்துவிட்டு, இவருக்குச் சின்ன வயதில் போட்ட வெள்ளிக் கொலுசைத் தேடி எடுத்துத் தொட்டில் கயிற்றில் கட்டினார். குழந்தை புரண்டால் சலசலக்கும் என்று. அழகான யோசனை. ஃபேன் காற்றில் சாயங்காலம் வரை சலசலத்துக்கொண்டே இருந்தது. மறுநாள் அவரே கழற்றிவிட்டார்.

வேறு வழியில்லாமல் எந்நேரமும் ஒலிபரப்புகிற முறையிலேயே விட்டுவிட்டோம். பெட்டியின் நெற்றியில் வரிசையாக ஐந்து சின்ன விளக்குகள்: இரண்டு பச்சை, ஒரு ஆரஞ்சு, இரண்டு சிவப்பு. சத்தம் கூடக் கூட ஒவ்வொன்றாக எரியும். ஃபேன் ஓடினால் எந்நேரமும் ஒரு பச்சை. முனகினால் இரண்டு. வீறிட்டால் ஐந்தும். இந்த விளக்குகளுக்காகத்தான் இந்த மாடலையே எடுத்தேன். பெட்டியை மாமாவின் கையில் கொடுத்தேன்.

"எனக்கெதுக்கு அம்மிணி இதெல்லாம்? எனக்குத்தான் காது கேக்காதே" என்றார்.

"கேக்க வேண்டாம் மாமா. பாருங்க, போதும்."

பாப்பாவை அழவிட்டுக் காட்ட முடியாதே. நான் உள்ளே போய்த் தொட்டில் பக்கத்தில் நின்று கை தட்டினேன். வெளியிலிருந்து, "செவப்பு! செவப்பு!" என்று குரல் வந்தது. மறுநாள் காலையில் சட்டைப்பையில் பெட்டியைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கப் போனார். 300 மீட்டர் என்று அட்டையில் போட்டிருந்தது. அது வெட்டவெளிக் கணக்கு. கால் மணி நேரம் கழித்து வந்து, "பிள்ளையார் கோயல் வரைக்கும் எடுக்குது. அதுக்கு அங்கிட்டு பீப் பீப்புங்குது" என்றார். என் அலுவலகத்தில்கூட இவ்வளவு சுருக்கமாக யாரும் சோதனை அறிக்கை கொடுத்ததில்லை.

அதன்பிறகு அவருடைய பகல் மாறியது. பேப்பரோடு பெட்டியும் வேப்ப மரத்தடிக்குப் போகும். நாற்காலிக் கையில் அதை விளக்கு தெரிகிற மாதிரி நிறுத்தி வைப்பார். ராத்திரி எட்டரைக்குத் தன் போனோடு சேர்த்து அதையும் சார்ஜில் போடுவார். இரண்டு தடவை ஐந்து விளக்கும் எரிந்து, நான் படியிறங்குவதற்குள் அவர் பாப்பாவைத் தூக்கிவிட்டிருந்தார்.

மே மாதத்தில் ஒருநாள் மதியம் மாடியில் இன்வெர்ட்டர் கீச்சென்றது. கரண்ட் போயிருக்கிறது. கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தவரைப் பாதியில் விட்டுவிட்டு ஹெட்போனைப் பிடுங்கி எறிந்து கீழே ஓடினேன். படியில் அழுகைச் சத்தம் இல்லை. அதுவே இன்னும் பயத்தைக் கிளப்பியது.

அறைக்குள் மாமா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையால் தொட்டிலின் ஓரத்தை விலக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பனையோலை விசிறியை மெதுவாக வீசிக்கொண்டிருந்தார். உள்ளே பாப்பா வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் வேர்வைகூட இல்லை.

அழவே இல்லையே, அப்புறம் எப்படித் தெரிந்தது? வெளியே உட்கார்ந்திருந்தவருக்குக் கரண்ட் போனதுகூடத் தெரிய வழியில்லை. கையை விரித்துச் சைகையில் கேட்டேன்.

மடியில் இருந்த தன் பெட்டியை விசிறியால் காட்டினார்.

"பச்சை லைட்டு அணைஞ்சுபோச்சு அம்மிணி. ஃபேன் நின்னிருக்கும்னு வந்தேன்."